பதிவேடு படிக்கும் தூரிகை

(காண்கலை மாணவர்களும் நூலகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இரண்டு தரப்பினர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் ஓவியம், சிற்பம், ஒளிப்படம் பயிலும் மாணவர்கள். இன்னொரு பக்கம் நூலகர்கள், ஆவணக் காப்பகப் பணியாளர்கள். வழக்கமாக நீங்கள் ஒருவரையொருவர் தேடிப் போவதில்லை. ஓவியரைக் கேட்டால், காப்பகம் என்பது முனைவர் பட்டத்துக்காகத் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களின் இடம் என்பார். காப்பகத்தாரைக் கேட்டால், ஓவியர் என்பவர் மையும் வண்ணமும் கையுமாக உள்ளே வந்துவிடக் கூடாத ஆள் என்பார். இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சில சான்றுகளை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படங்களை எடுத்துக் கொடுக்கும் கிடங்காக மட்டும் காப்பகத்தைப் பார்த்தால், அதிலிருந்து அழகான அலங்காரம் கிடைக்கும், கலை கிடைக்காது. இந்த ஆவணத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யார் பெயரை விட்டுவிட்டார் என்று ஓவியர் விசாரிக்கத் தொடங்கும் இடத்தில்தான் கலை பிறக்கிறது. விசாரிப்பவருக்கு நேரம் வேண்டும், சாப்பாட்டுக்கு வழி வேண்டும், பூட்டிய அறைக்குள் நுழைய அனுமதி வேண்டும். ஆய்வு நல்கை என்று நாம் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கிறது. அங்கே 135ஆம் தெருவில் ஒரு பொது நூலகக் கிளை. 1926இல் அந்தக் கிளைக்கு ஒரு பெரிய சேகரிப்பு வந்து சேர்ந்தது. சேர்த்தவர் ஆர்துரோ ஷோம்பர்க். போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்து, இளைஞராக நியூயார்க்குக்கு வந்து, ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்பின மக்களுக்கு வரலாறு கிடையாது என்று பள்ளி நாளில் ஓர் ஆசிரியர் சொன்னதாகவும், அந்தச் சொல்லே அவரைச் சேகரிப்பாளர் ஆக்கியதாகவும் சொல்வார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். கையெழுத்துப் படிகள், அச்சுப் படங்கள், துண்டு வெளியீடுகள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். கார்னகி நிறுவனம் 10,000 டாலர் கொடுத்து அதை வாங்கி நூலகத்துக்கு அளித்தது. பின்னாளில் ஷோம்பர்க்கே அந்தச் சேகரிப்பின் காப்பாளராகப் பணியாற்றி, 1938இல் மறைந்தார்.

இந்த வரலாற்றைக் கேட்கும்போது நமக்கு ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா. அவரும் செல்வாக்குள்ள அறிஞர் குழாமைச் சேர்ந்தவரல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தமிழின் ஆகப் பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்றைத் தொடங்கியவர் தூரிகை பிடித்த மனிதர் என்பதை ஓவிய மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஹார்லெமுக்குத் திரும்புவோம். ஜேக்கப் லாரன்ஸ் என்ற சிறுவன் 13 வயதில் அந்தப் பகுதிக்குக் குடிவந்தான். அவனுடைய பெற்றோர் தென் மாநிலங்களிலிருந்து வடக்கே பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர்கள். வளர்ந்து ஓவியரானதும் லாரன்ஸ் ஒரே படத்தில் அடங்காத கதைகளைத் தேடினார். ஹைத்தியின் விடுதலைத் தலைவர் தூசான் லூவெர்த்தூர் பற்றி 41 படங்கள் வரைந்தார். பிறகு அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் பற்றி 32, ஹாரியட் டப்மன் பற்றி 31. இவற்றுக்கான செய்திகளையெல்லாம் அந்த 135ஆம் தெரு நூலகத்தின் மேசையில் உட்கார்ந்துதான் திரட்டினார். 1940 வரை நடந்த வேலை இது. அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பி அதிக நாளாகியிருக்கவில்லை.

1940இல் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியம் அவருக்கு 1,500 டாலர் நல்கை வழங்கியது. சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த ரோசன்வால்ட் தொடங்கிய அறக்கட்டளை அது. 1928 முதல் 1948 வரை அது தந்த தனிநபர் நல்கைகள் கறுப்பின எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் ஆய்வாளர்களையும் ஒரு தலைமுறை முழுவதும் தாங்கிப் பிடித்தன. லாங்ஸ்டன் ஹியூஸ், ஜேம்ஸ் பால்ட்வின், ஒளிப்படக் கலைஞர் கோர்டன் பார்க்ஸ் எல்லோரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

லாரன்ஸ் எடுத்துக்கொண்ட பொருள், முதல் உலகப் போரின்போது தென் மாநிலக் கறுப்பின மக்கள் வடக்கத்தி நகரங்களுக்குப் பெயர்ந்த பெரும் இடப்பெயர்வு. நல்கைப் பணம் வந்ததும் தூரிகையைத் தூக்கிவிடவில்லை. மாதக்கணக்கில் ஷோம்பர்க் சேகரிப்பில் படித்தார். கார்ட்டர் உட்சன், எம்மெட் ஸ்காட் போன்றோரின் இடப்பெயர்வு ஆய்வு நூல்கள் அப்போது கிடைத்தன. பஞ்சாலைத் தேவைக்குப் பயிரான பருத்தியை வண்டு அழித்தது, போரால் உணவு விலை ஏறியது, வடக்கே போன உறவினர் ஊருக்குக் கடிதம் எழுதியது, ரயில் நிலையத்தில் காவலர் மறித்தது என்று ஒவ்வொரு காரணத்தையும் குறித்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்குமான விளக்க வாசகத்தை முதலில் எழுதினார். வாசகம் முந்தி, படம் பிந்தி.

60 பலகைகள். ஒவ்வொன்றும் 12க்கு 18 அங்குலம். நல்கைப் பணத்தில் 125ஆம் தெருவில் வாடகைக்கு எடுத்த பணியறையில் அவற்றை எல்லாம் ஒரே சமயத்தில் பரப்பிவைத்தார். ஓவியர் க்வென்டலின் நைட், 1941இல் அவரை மணந்தவர், பலகைகளுக்கு வெள்ளைப் பூச்சு கொடுக்கவும் வாசகங்களைச் சீர்செய்யவும் உதவினார். லாரன்ஸ் ஒரு நிறத்தைக் கலந்து, அந்த நிறம் வர வேண்டிய எல்லாப் பலகைகளிலும் பூசிவிட்டு, அடுத்த நிறத்துக்குப் போனார். கடும் நிறத்தில் தொடங்கி வெளிர் நிறத்தில் முடிப்பது அவர் முறை. அதனால்தான் 60 படங்களும் ஒரே மூச்சில் பேசுவதைப்போல இருக்கின்றன. தெற்கில் ஒரு குடிசையின் மஞ்சளும் வடக்கில் ஓர் உணவு விடுதியின் மஞ்சளும் ஒரே கிண்ணத்திலிருந்து வந்தவை.

இந்தத் தொடரில் ஒரு படத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். 15ஆவது பலகை. கும்பல்கொலை பற்றியது. அந்தக் காலத்து நாளிதழ்களில், நினைவுப் பொருளாக விற்ற அஞ்சலட்டைகளில், தூக்கிலிடப்பட்ட உடல்களின் ஒளிப்படங்கள் இருந்தன. லாரன்ஸ் அந்த உடலை வரையவில்லை. இலையற்ற ஒரு கிளை, அதில் வெறும் சுருக்குக் கயிறு, கீழே பாறைமேல் குனிந்து ஒடுங்கிய ஓர் உருவம். அவ்வளவே. ஆவணம் காட்டியதைக் காட்டாமல் விட்டதன் மூலம், ஆவணத்தில் இல்லாத ஒன்றை, உயிரோடு மிஞ்சியவரின் துயரத்தைக் காட்டினார். 11ஆவது பலகையில் உணவு விலை இரட்டிப்பானதைச் சொல்ல வேண்டும். பொருளாதார நூலில் அது ஓர் எண். படத்தில் அது இறைச்சித் துண்டை அறுக்கும் ஒரு தாயும் பக்கத்தில் நிற்கும் குழந்தையும். எண்ணை மனிதராக மாற்றுவது என்பது இதுதான்.

1941 நவம்பரில் ஃபார்ச்சூன் இதழ் இவற்றில் 26 படங்களை வண்ணத்தில் வெளியிட்டது. பிறகு இரண்டு அருங்காட்சியகங்கள் தொடரைப் பங்கிட்டுக்கொண்டன. இரட்டை எண் பலகைகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் ஒற்றை எண் பலகைகள் வாஷிங்டனின் பிலிப்ஸ் காட்சிக்கூடத்திலும் இருக்கின்றன. ஒரு தபால் பிரிவு ஊழியரின் சேகரிப்பு, ஒரு வணிகரின் நல்கை, ஓர் இளைஞரின் பொறுமை. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தத் தொடர் இப்படி அமைந்திருக்காது.

லாரன்ஸ் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து வரைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொரு கலைஞர் காப்பகத்துக்குள்ளேயே தன் படைப்பைச் செய்தார். அவர் பிரெட் வில்சன். இடம் பால்டிமோர் நகரின் மேரிலாந்து வரலாற்றுக் கழகம். 1844இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 1992இல் அங்கே அவர் அமைத்த கண்காட்சியின் பெயர் ‘மைனிங் தி மியூசியம்’. புதிதாக எதையும் வரையவில்லை, செதுக்கவில்லை. நிறுவனத்தின் இருப்பறையில் கிடந்த பொருள்களைத் தேடி எடுத்து, இடம் மாற்றி வைத்தார்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் நுணுக்க வேலைப்பாடு கொண்ட வெள்ளிக் குவளைகள், கூஜாக்கள். அவற்றின் நடுவில் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. பெட்டியின் மேல் எழுதிய தலைப்பு, உலோக வேலை 1793–1880. எல்லாம் உலோக வேலைதானே! வகைப்பாட்டில் பிழை இல்லை. அந்தப் பிழையின்மைதான் பார்வையாளரை உலுக்கியது. இன்னோரிடத்தில் அழகிய மர நாற்காலிகளைக் கச்சேரி பார்க்க உட்கார்ந்த வரிசையாகப் போட்டார். அவை பார்த்தபடி இருந்தது ஒரு சவுக்கடிக் கம்பம். தலைப்பு, மரச்சாமான் வேலை. நுழைவில் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆன்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரும் மேரிலாந்துக்காரர்கள் அல்லர். எதிரில் மூன்று வெற்றுப் பீடங்கள். அவற்றின்மேல் ஹாரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானக்கர் என்ற பெயர்கள். கறுப்பினத்தவரான இம்மூவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கழகத்தின் சேகரிப்பில் சிலை இல்லை.

நூலக நண்பர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வில்சன் வெளியிலிருந்து ஒரு குற்றச்சாட்டைக் கொண்டுவரவில்லை. வெள்ளிக் குவளையும் விலங்கும் ஒரே நிறுவனத்தின் பொருள் பட்டியலில்தான் இருந்தன. ஒன்று காட்சிக்கு வந்தது, மற்றொன்று இருப்பறையில் தங்கியது. எதை எந்தத் தட்டில் வைக்கிறோம், எந்தத் தலைப்பின் கீழ்ப் பதிகிறோம் என்பது நடுநிலையான அலுவலக வேலை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஒரு தீர்ப்பு என்பதை ஒரு கலைஞர் ஒரு பெட்டியைக் கொண்டு நிறுவிவிட்டார். தன் இருப்பறைச் சாவியை அவரிடம் கொடுத்த நிறுவனத்தின் துணிவையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லா நிறுவனமும் அப்படி நடந்துகொள்வதில்லை. 1850இல் தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்தவர்களை ஆடை களைந்து நிற்கவைத்து டாகுரோடைப் ஒளிப்படம் எடுத்தார் ஜோசப் ஸீலி. கேட்டவர் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்ற தன் கொள்கைக்கு அவர் சான்று தேடினார். ரென்டி என்பவரும் அவர் மகள் டீலியாவும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் அவை கிடைத்தன. 1995–96இல் ஒளிப்படக் கலைஞர் கேரி மே வீம்ஸ் அவற்றையும் வேறு பழைய படங்களையும் மறுபடி எடுத்து, செந்நிறம் ஏற்றி, மேலே கண்ணாடியில் அவர்களை நோக்கிப் பேசும் வாசகங்களைப் பொறித்து ஒரு தொடர் செய்தார். உரிமை தங்களுடையது என்று ஹார்வர்டு தரப்பு வழக்குப் பேச்சு எடுத்தது. அப்படியானால் நீதிமன்றத்திலேயே பேசுவோம் என்று வீம்ஸ் நின்றார். வழக்கு நடக்கவில்லை, பின்னர் ஹார்வர்டே அந்தப் படைப்பின் படிகளை வாங்கியது. ரென்டியின் வழிவந்தவர் என்று கூறிய ஒரு பெண்மணி 2019இல் தொடுத்த வழக்கு 2025இல் சமரசத்தில் முடிந்து, அந்த டாகுரோடைப் படங்கள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போக வழி பிறந்தது. வற்புறுத்தி எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சட்டம் எழுப்புவதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாக முன்னதாகவே ஒரு கலைஞர் எழுப்பியிருந்தார்.

வீம்ஸ் படத்தை எடுத்துக்காட்டினார். அதற்கு நேர் எதிரான வழியில் போனவர் கிறிஸ்டியன் தாம்சன். ஆஸ்திரேலியாவின் பிட்ஜரா பழங்குடி மரபைச் சேர்ந்தவர். சார்லி பெர்கின்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்ற முதல் ஆஸ்திரேலியப் பழங்குடி மாணவர்களுள் ஒருவர். அங்கே 1884இல் நிறுவிய பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பழங்குடி ஒளிப்படங்கள் பெரிய அளவில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அவருக்கு இசைவு கிடைத்தது. நீண்ட காலம் பார்த்தார். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூடத் தன் படைப்பில் மறுபதிப்புச் செய்வதில்லை என்று முடிவெடுத்தார். முன்னோர் இசைவில்லாமல் எடுத்த படத்தை மறுபடி ஊருக்குக் காட்ட அவருக்கு மனமில்லை. அந்தப் படங்களுக்கு மரியாதை செய்யும் விதமாகத் தன்னையே ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டின் கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, கண்களை மறைக்கும் பூக்களும் படிகங்களும். 2012இல் அதே அருங்காட்சியகத்தில் ‘வி பரி அவர் ஓன்’ என்ற பெயரில் அவை காட்சிக்கு வந்தன. ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டுக் காட்டாமல் விடுவதற்கும் நல்கை தேவைப்படுகிறது. மூன்று மாதத்தில் படம் கொடு என்று நெருக்கியிருந்தால் அவர் எதையாவது பிரதி எடுத்துத் தந்திருப்பார்.

இனி நம் பக்கம் வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அதே காலத்தில் அந்தமானில் அதிகாரியாக இருந்த மாரிஸ் போர்ட்மன், கட்டம் போட்ட திரைக்கு முன்னால் தீவு மக்களை நிறுத்தி ஒளிப்படம் எடுத்தார். கட்டத்தை எண்ணினால் உடலின் அளவு தெரியும்.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இண்டியா’ என்ற தொடர் இந்தப் பழைய படங்களை எடுத்துக்கொண்டது. இண்டியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பின் நல்கை அதற்கு உதவியது. ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், பிஜாப்பூர்ச் சிற்றோவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, ஒரு திரைப்படக் காட்சியின் ஜெயலலிதா, கட்டத் திரைக்கு முன் நிற்கும் தோடர் பெண். அத்தனை வேடத்திலும் புஷ்பமாலாவே நிற்கிறார். அந்தத் தோடர் பெண் படத்துக்கு மாதிரி, போர்ட்மன் பாணி அளவைப் படம். துணி, நகை, திரை, வெளிச்சம் எல்லாம் மூலப்படம்போல. நிற்பவர் மட்டும் தன் விருப்பத்தின்பேரில் நிற்கிறார், கேமராவின் பின்னால் இருப்பவரோடு பேசி வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும், பழைய படத்தில் நின்ற பெண்ணுக்கு இந்த வசதி இருந்ததா என்ற கேள்வி வந்து நிற்கிறது.

கடைசிச் சான்று யாழ்ப்பாணம். அங்கே 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. தொடர்ந்து வந்த போரில் மக்கள் வீட்டையும் காணியையும் விட்டு ஓடினார்கள். 1990இல் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். காணி உறுதிப்பத்திரம் போனது, குடும்பப் படம் போனது. காப்பகமே இல்லாத இடத்தில் ஓவியர் என்ன செய்வார்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் ஒரு காப்பகத்தை உண்டாக்கினார். இலங்கையில் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் காணி விவரங்களை எழுதிவைத்த பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அந்தப் பதிவேட்டின் வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களைச் சந்தித்து, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். விறாந்தை எங்கே, கிணறு எங்கே, குசினி எந்தப் பக்கம், முற்றத்து மாமரம் எவ்விடம். அவர்கள் கைப்பட வரைந்த படம், அதைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படம், அந்த வீட்டை நினைத்து சனாதனன் தீட்டிய ஓவியம், கூடவே அவர்கள் சொன்ன செய்தி. இப்படி 80 பதிவுகள். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாக ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற பெயரில், அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் நூலாக வந்தது. வரி வசூலிக்க ஆள்வோர் எழுதியது பழைய தோம்பு. வாழ்ந்தவரே எழுதியது இது. நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் எதிர்காலத்தில் அந்த மண்ணின் வரலாற்றை எழுத வருபவர் இதைப் புரட்டாமல் எழுத முடியாது.

இத்தனையையும் புகழ்ந்துவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. காப்பகத்தை வைத்துக் கலை செய்வது கடந்த 20, 25 ஆண்டுகளில் உலகெங்கும் ஒரு பாணியாகிவிட்டது. கலை வரலாற்றாசிரியர் ஹால் ஃபாஸ்டர் 2004இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒக்வி என்வெசர் 2008இல் நியூயார்க்கில் இதையே பொருளாக்கி ஒரு கண்காட்சி நடத்தினார். பாணி என்று வந்துவிட்டால் போலியும் வரும். மங்கிய படங்கள் நாலு, தட்டச்சுத் தாள் ரெண்டு, கண்ணாடி மேசை ஒன்று, சுவரில் புரியாத மொழியில் ஒரு பெரிய விளக்கம். இப்படிப்பட்ட கண்காட்சிகள் நம் நகரங்களிலும் நடக்கின்றன. பழுப்பு நிறத் தாளுக்கு இயல்பாகவே ஓர் ஏக்கம் உண்டு. அந்த ஏக்கத்தை வாடகைக்கு எடுத்துக் காட்டுவது கலையாகாது.

எப்படிப் பிரித்தறிவது? நான் இரண்டு கேள்வி கேட்பேன். இந்தப் படைப்பைப் பார்த்த பிறகு மூல ஆவணம் எனக்கு வேறாகத் தெரிகிறதா? மேரிலாந்தின் வெள்ளிக் குவளையை இனி யாரும் பழையபடி பார்க்க முடியாது. அங்கே விடை ஆம். இரண்டாவது, அந்த ஆவணத்தில் இருப்பவர்களுக்கு அல்லது அவர்கள் வழிவந்தவர்களுக்கு இந்தப் படைப்பிலிருந்து ஏதாவது திரும்பிப் போகிறதா? யாழ்ப்பாணத்துத் தோம்பில் விடை ஆம். இரண்டுக்கும் இல்லை என்று விடை வந்தால், அந்த ஓவியர் காப்பகத்துக்குப் போனாரே தவிர அங்கே படிக்கவில்லை என்று பொருள்.

வரலாற்றாசிரியர்கள் சிலர் வேறொரு கவலையைச் சொல்கிறார்கள். ஓவியர்கள் ஆதாரத்தை இஷ்டப்படி வளைத்துவிடுவார்கள் என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் நான் சொன்ன ஓவியர்களைப் பாருங்கள். லாரன்ஸ் படித்த நூலை ஆய்வாளர்களும் படித்தார்கள். வில்சன் கழகத்தின் சேகரிப்பில் இருந்த பொருள்களைக் கொண்டே தன் வாதத்தை நிறுவினார். அவர்கள் ஆதாரத்தை மாற்றவில்லை. ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் இருந்ததைச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள்.

வெளிநாட்டில் சில நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டு வழி செய்திருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் அச்சுத் தொழிலர் ஐசயா தாமஸ் 1812இல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி, அமெரிக்காவின் பழைய அச்சு நூல்களையும் செய்தித்தாள்களையும் காக்கும் நூலகம். 1990களின் நடுவிலிருந்து அது ஓவியர், எழுத்தாளர், நாடகக்காரர்களுக்கென்றே தனி நல்கை வழங்குகிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2007 முதல் ஓவியர்களுக்கான ஆய்வு நல்கையை நடத்துகிறது. இங்கே இண்டியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், காப்பகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் சேர்ந்து நல்கை தரும் திட்டம் வைத்திருக்கிறது. இவற்றில் ஓவியருக்குக் கிடைப்பது உதவித்தொகை, உட்கார ஒரு மேசை, எந்தக் கட்டில் எது இருக்கிறது என்று தெரிந்த ஒரு பணியாளரின் துணை. என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் விலைமதிப்பற்றது. பட்டியலில் இல்லாததைப் பணியாளரின் நினைவு சொல்லும்.

இனி என் வேண்டுகோள்கள்.

காப்பகத்தாருக்கு முதல் வேண்டுகோள். எழும்பூரில் 1909இல் எழுந்த செங்கல் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கோட்டையூர் ஓவியர் சேர்த்த நூலகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் பழைய ஒளிப்பட நிலையங்களில் கண்ணாடித் தகடுகள் கிடக்கின்றன. ஓவியர் வந்து கேட்டால், எந்தப் பல்கலைக்கழகம், யார் நெறியாளர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘கலைஞர்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அவர்களுக்கு எழுத்து மட்டும் போதாது; தாளின் நிறம், படத்தின் பின்புறம், முத்திரை, கிழிசல் எல்லாம் தேவை. ஸ்கேன் செய்த படியைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காமல், முடிந்த இடத்தில் மூலத்தைக் காட்டுங்கள்.

அறக்கட்டளைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அடுத்த வேண்டுகோள். கண்காட்சிக்குப் பணம் தருகிறீர்கள், விருது தருகிறீர்கள். அவை வேலை முடிந்த பிறகு தருபவை. வேலை தொடங்கும் முன்னால், ஓராண்டு படிப்பதற்கு என்று ஒரு நல்கை தாருங்கள். முடிவில் என்ன வரும் என்று முன்கூட்டி எழுதி வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்தபடியே வருவது அறிக்கை மட்டுமே.

மாணவர்களுக்கு நான் சொல்வது இது. படம் தேடி காப்பகத்துக்குப் போகாதீர்கள். இணையத்தில் அதைவிடச் சுலபமாகப் படம் கிடைக்கும். ஒரு கேள்வியோடு போங்கள். ஆவணத்தைப் படிக்கும்போது அதை எழுதியவர் யார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அதில் பெயரில்லாமல் நிற்பவர் யார் என்பதை அடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமை யாருடையது, இசைவு யாரிடம் வாங்க வேண்டும் என்று விசாரியுங்கள். வேலை முடிந்ததும் அதன் ஒரு படியை அந்தக் காப்பகத்துக்கே கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு உங்கள் படைப்பும் ஓர் ஆவணம்.

எழும்பூர்க் காப்பகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய்ச்சேரப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. அடையாள அட்டை, ஒரு பென்சில், ஒரு நோட்டு போதும். இந்த ஆண்டு முடிவதற்குள் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு காப்பகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.